அடைப்புக்குறிக்குள் ஒரு பெயர்

கிள்ளானில் இருக்கும் என் பெரியப்பா விடுமுறை நாட்களில் தூண்டில் போடப் போவார். இரைக்கு வாங்கும் கடற்புழுவை மலாய் மீனவர்களைப் போலவே அவரும் பும்புன் என்றுதான் சொல்வார். சிறு வயதில் அந்தப் புழுவைக் கையில் எடுத்துப் பார்த்திருக்கிறேன். உடலின் இரு பக்கமும் சீப்பின் பற்களைப் போல வரிசையாகக் குட்டைக் கால்கள். ஒவ்வொரு காலின் நுனியிலும் மெல்லிய முள்மயிர்க் கற்றை. மண்புழுவுக்கு உறவுதான், ஆனால் கடலில் வாழ்வது. அறிவியல் உலகம் இவ்வகைப் புழுக்களைப் பாலிகீட் என்கிறது. பல மயிர்களை உடையது என்பது அச்சொல்லின் பொருள். இக்கட்டுரையில் முள்மயிர்ப் புழு என்று குறிப்பிடுகிறேன்.

பல்கலைக்கழகத்தில் இரண்டாம் ஆண்டு படிக்கும்போது, கிள்ளான் கடலோரச் சேற்றில் வாழும் சிற்றுயிர்களைக் கணக்கெடுக்கும் செய்முறைப் பயிற்சி ஒன்று எங்களுக்கு இருந்தது. முழங்கால் அளவு சேற்றில் இறங்கி, மண்ணை அள்ளி, சல்லடையில் அலசி, எஞ்சியவற்றைப் புட்டியில் போட்டு ஆய்வுக்கூடத்துக்குக் கொண்டு வந்தோம். அவற்றில் நூல்போல மெலிந்த சிவப்புப் புழு ஒன்று நிறைய இருந்தது. இனங்காணும் நூலில் உள்ள கேள்விகளுக்கு ஒவ்வொன்றாக விடை சொல்லிக்கொண்டே போனேன். கடைசியில் ஒரு பெயர் கிடைத்தது. கேப்பிட்டெல்லா கேப்பிட்டாட்டா (பப்ரீசியஸ், 1780). மகிழ்ச்சியோடு அறிக்கையில் எழுதிக் கொடுத்தேன்.

அறிக்கை திரும்பி வந்தபோது அந்தப் பெயரின் அடியில் சிவப்புக் கோடு இருந்தது. கிரீன்லாந்தின் குளிர்கடலில் கண்டெடுத்த புழுவுக்கு, 30 பாகையை ஒட்டிய வெப்பமுள்ள கிள்ளான் சேற்றில் என்ன வேலை என்று விரிவுரையாளர் கேட்டிருந்தார். என்னிடம் விடை இல்லை. யார் இந்த பப்ரீசியஸ்? அவர் என்ன பார்த்தார்? எங்கே பார்த்தார்? இக்கேள்விகளுக்கு விடை தேடப் போனதில் கிடைத்தவர்தான் இக்கட்டுரையின் நாயகர்.

ஒரே பெயரில் இருவர்

பப்ரீசியஸ் என்ற பெயர் எனக்கு முற்றிலும் புதிதன்று. தமிழ்ப்பள்ளியில் எனக்குக் கற்பித்த ஆசிரியர் ஒருவர் பிரிக்பீல்ட்சில் குடியிருக்கிறார். அவருடைய புத்தக அலமாரியில் பப்ரீசியஸ் தமிழ் ஆங்கில அகராதி ஒன்று உண்டு. இடைநிலைப்பள்ளிக் காலத்தில் தமிழ் இலக்கியப் பாடத்துக்கு அருஞ்சொற்பொருள் தேட அதைத்தான் புரட்டுவேன். ஆகவே புழுவின் பெயருக்குப் பக்கத்தில் அதே பெயரைக் கண்டதும், தமிழ் அகராதி எழுதியவரே இந்தப் புழுவுக்கும் பெயர் வைத்தாரோ என்று வியந்தேன். பெருமையாகக்கூட இருந்தது.

தேடிப் பார்த்தபோது பெருமை சற்றே குறைந்தது, வியப்போ கூடியது. அகராதி எழுதியவர் யோஹன் பிலிப் பப்ரீசியஸ். ஜெர்மனியில் 1711இல் பிறந்து, 1740இல் தரங்கம்பாடிக்கு வந்து, 1742 முதல் சென்னையில் வாழ்ந்து, 1791இல் அங்கேயே மறைந்தவர். விவிலியத்தைத் தமிழாக்கியவர். அவருடைய அகராதி 1779இல் சென்னை வேப்பேரியில் அச்சேறியது. புழுவுக்குப் பெயர் வைத்தவரோ ஓட்டோ பப்ரீசியஸ்; டென்மார்க் நாட்டவர். இருவரும் வெவ்வேறு நாட்டில், வெவ்வேறு குடும்பத்தில் பிறந்தவர்கள்.

ஆனால் இருவருக்கும் பொதுவானவை பல. இருவரும் கிறித்துவப் பாதிரியார்கள். இருவரும் அயல்மொழி ஒன்றைக் கற்று, அதற்கு அகராதி செய்தவர்கள். இருவரையும் அனுப்பிய ஏற்பாட்டின் வேரும் ஒன்றே. டென்மார்க் மன்னர் நான்காம் பிரெடெரிக்கின் ஆதரவில் 1706இல் சீகன்பால்க் தரங்கம்பாடியில் வந்து இறங்கினார் என்பது தமிழ் அச்சு வரலாறு படித்த அனைவருக்கும் தெரியும். அதே மன்னர் 1714இல் சமயப் பணிக்கென ஒரு சபையைக் கோப்பன்ஹேகனில் நிறுவினார். அந்தச் சபையின் பார்வையில்தான் தரங்கம்பாடியும் இருந்தது. 1721இல் ஹான்ஸ் எகெடே தொடங்கிய கிரீன்லாந்துப் பணியும் இருந்தது. வெயில் கொளுத்தும் சோழமண்டலக் கரையும் பனி உறையும் வடதுருவக் கரையும் ஒரே அலுவலகத்தின் இரு கோப்புகளாக இருந்திருக்கின்றன!

இருபத்து நான்கு வயதில்

ஓட்டோ பப்ரீசியஸ் 1744ஆம் ஆண்டு மார்ச் 6ஆம் நாள், டென்மார்க்கின் லாங்கெலாண்ட் தீவிலுள்ள ரூட்கோபிங் என்னும் சிற்றூரில் பிறந்தார். தந்தையும் பாதிரியாரே. கோப்பன்ஹேகனில் சமயக் கல்வி பயின்ற ஓட்டோ, கிரீன்லாந்துக்குச் செல்வோருக்கென நடத்தப்பட்ட பயிற்சிக் கூடத்தில் சேர்ந்தார். ஹான்ஸ் எகெடேயின் மகன் பவுல் எகெடே அங்கு கிரீன்லாந்து மொழியைக் கற்பித்தார். 1768இல் தேர்வை முடித்த கையோடு ஓட்டோ கப்பல் ஏறினார். அப்போது அவருக்கு வயது 24. என்னைவிட இரண்டு வயதுதான் மூத்தவர்.

அவர் போய்ச் சேர்ந்த இடம் கிரீன்லாந்தின் தென்மேற்குக் கரையிலுள்ள பிரெடெரிக்ஸ்ஹோப். இன்று அதன் பெயர் பாமியுட். கழிமுகத்தில் வாழ்வோர் என்பது அம்மக்கள் மொழியில் அச்சொல்லின் பொருள். ஆறுகள் கூடும் இடத்தைக் குவாலா என்று சொல்லிப் பழகிய நமக்கு இப்பெயர் அந்நியமாகத் தோன்றாது. ஆனால் ஒப்புமை அத்தோடு முடிந்துவிடும். கிள்ளான் நிலநடுக்கோட்டிலிருந்து 3 பாகை வடக்கே இருக்கிறது. பாமியுட் 62 பாகை வடக்கே. மரங்கள் அரிது. நீண்ட குளிர்காலம். கப்பல் ஆண்டுக்கு எப்போதாவது வரும்.

அங்கே அவர் 1773 வரை ஐந்து ஆண்டுகள் இருந்தார். அந்த ஐந்து ஆண்டுகளை அவர் கழித்த விதம்தான் அவரைத் தனித்துக் காட்டுகிறது. டேனிஷ் வணிக நிலையத்தின் பாதுகாப்பிலேயே இருந்துவிடாமல், தெற்கே கிரீன்லாந்து மக்கள் வாழும் பகுதிக்குச் சென்று அவர்களோடு தங்கினார். புல்வேர்க் கட்டிகளாலும் கல்லாலும் கட்டிய அவர்களுடைய வீட்டைப் போன்ற வீட்டில் குடியிருந்தார். அவர்களைப் போலவே தோலாடை உடுத்தினார். ஓராள் மட்டும் அமரக்கூடிய தோல்படகான கயாக்கை ஓட்டப் பழகினார். எறியீட்டியால் கடல்நாய் வேட்டையாடவும் கற்றுக்கொண்டார். ஐரோப்பியர் ஒருவர் அவ்வளவு தேர்ச்சி பெறுவது அக்காலத்தில் அரிதான செயல்.

அவருடைய வேலை சமயப் பரப்புரை. அவரை அனுப்பியது அந்நாட்டைத் தன் உடைமையாகக் கருதிய ஓர் அரசு. இதை மறைத்துவிட்டு அவரைப் போற்றுவது நேர்மையாகாது. காலனி ஆட்சியின் சுவடுகளைத் தோட்டப்புறங்களில் சுமந்த மக்களின் பேரப்பிள்ளைகள் நாம். நமக்கு இது புரியும். எனினும் ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். அவர் அம்மக்களுக்குக் கற்பிக்கப் போனார். அவர்களிடம் கற்றுக்கொண்டும் திரும்பினார். கற்றதை எழுதும்போது, அது யாரிடமிருந்து வந்தது என்பது தெரியும்படி எழுதினார்.

மேற்குக் கிரீன்லாந்தின் விலங்குகள்

கயாக்கில் போகும்போதும், வேட்டைக்குப் பின் கடல்நாயின் வயிற்றைக் கிழிக்கும்போதும், அலை இறங்கிய பாறையிடுக்குகளில் தேடும்போதும் பப்ரீசியஸ் உயிரினங்களைக் கவனித்துக் குறிப்பெடுத்தார். அப்போது ஸ்வீடன் நாட்டு லின்னேயஸ் வகுத்த இருபெயர் முறை ஐரோப்பாவெங்கும் பரவிக்கொண்டிருந்தது. ஒவ்வோர் உயிருக்கும் பேரினப் பெயர் ஒன்று, சிற்றினப் பெயர் ஒன்று என்பது அம்முறை. பப்ரீசியஸும் அதையே பின்பற்றினார். பெரிய அருங்காட்சியகம் இல்லை. ஒப்பிட்டுப் பார்க்கச் சேகரிப்புகள் இல்லை. கலந்து பேச இன்னொரு அறிஞர் இல்லை. கண்ணும் பொறுமையும்தான் அவருடைய கருவிகள்.

தாயகம் திரும்பியபின், அப்போது டென்மார்க் மன்னரின் ஆட்சியில் இருந்த நார்வேயில் டிராங்கடால் என்னும் ஊரில் பாதிரியாராகப் பணியாற்றினார். அவர் திரட்டிய செய்திகள் சில, அவருடைய நூல் வருமுன்பே அச்சேறிவிட்டன. ஓட்டோ பிரெடெரிக் முல்லர் என்ற டேனிஷ் விலங்கியலாளர் 1776இல் வெளியிட்ட நூலில், பப்ரீசியஸ் வழியாகத் தெரிய வந்த கிரீன்லாந்து உயிர்களும் இடம்பெற்றன. முந்தி அச்சிட்டவருக்கே பெயரிட்ட உரிமை என்பது விலங்கியலின் விதி. ஆகவே பப்ரீசியஸ் பார்த்த உயிர்கள் சிலவற்றின் பெயருக்குப் பின்னால் இன்று முல்லரின் பெயர் நிற்கிறது.

1780இல், டென்மார்க்கின் ஹோப்ரோ என்னும் ஊரில் அவர் பணியாற்றிய காலத்தில், பவுனா குரோன்லாண்டிகா வெளிவந்தது. இலத்தீன் மொழியில் 452 பக்கங்கள். படத்தாள் ஒன்றே ஒன்று. நானூற்றுக்கும் மேற்பட்ட விலங்கினங்கள். வெண்கரடியும் திமிங்கிலமும் அதில் உண்டு. விரல் நகத்தினும் சிறிய புழுவும் உண்டு.

அந்நூலின் தலைப்பு மிக நீளமானது. அதைப் படித்தாலே அவர் எப்படிப்பட்ட மனிதர் என்பது விளங்கும். மேற்குக் கிரீன்லாந்தில் இதுவரை ஆராயப்பட்ட விலங்குகள் என்று இடத்தை வரையறுக்கிறார். அவற்றின் அறிவியல் பெயரோடு அம்மண்ணின் மக்கள் வழங்கும் பெயரையும் தருவதாகச் சொல்கிறார். வாழிடம், உணவு, இனப்பெருக்கம், பழக்கம், பயன், பிடிக்கும் முறை என்று அடுக்குகிறார். வாய்ப்புக் கிடைத்த அளவுக்கே எழுதுவதாகவும், பெரும்பாலும் தம் கண்ணால் கண்டதையே எழுதுவதாகவும் அத்தலைப்பிலேயே சொல்லிவிடுகிறார். எங்கே பார்த்தேன், எவ்வளவு பார்த்தேன், யார் என்ன பெயர் சொன்னார்கள் என்ற மூன்றும் முகப்பிலேயே இருக்கின்றன. இக்கட்டுரையில் பின்னால் வரும் செய்திகளுக்கு இதுதான் திறவுகோல்.

அந்த நூலில்தான் என் சிவப்புப் புழுவின் பெயரும் முதன்முதலாக வருகிறது. அவர் அதற்கு லும்பிரிகஸ் கேப்பிட்டாட்டஸ் என்று பெயரிட்டார். லும்பிரிகஸ் என்பது மண்புழுவின் பேரினப் பெயர். கேப்பிட்டாட்டஸ் என்றால் தலையுடையது. அந்தப் புழுவுக்கு வெளியே தெரியும் உணர்கொம்புகளோ துடுப்புக் கால்களோ இல்லை. முள்மயிர்களும் மிகச் சிறியவை. உருப்பெருக்கியின்றிப் பார்த்தால் யாரும் மண்புழு என்றுதான் சொல்வார்கள். நானும் முதலில் அப்படித்தான் எண்ணினேன்.

அகராதியும் ஆலயமும்

முள்மயிர்ப் புழுக்களின் மீது அவருக்கிருந்த ஈடுபாடு அந்நூலோடு முடியவில்லை. 1785இல் ஸ்பியோ என்ற புதிய பேரினத்தையே அவர் நிறுவினார். தலையிலிருந்து இரண்டு நீண்ட உணர்கொடிகள் நீளும் சிறு புழுக்கள் அவை. சேற்றிலும் மணலிலும் குழாய்போல் வீடு கட்டி வாழ்பவை. அப்பேரினம் இன்றும் அவர் பெயரிலேயே வழங்குகிறது. 1790, 1791 ஆண்டுகளில் கிரீன்லாந்துக் கடல்நாய்களைப் பற்றி விரிவான கட்டுரைகளை வெளியிட்டார். வேட்டைக்காரர்களோடு வேட்டைக்காரராக வாழ்ந்தவர் எழுதிய விவரங்கள் என்பதால் அவற்றுக்குத் தனி மதிப்பு உண்டு.

1783இல் கோப்பன்ஹேகனுக்கு வந்தவர், 1789 முதல் அந்நகரின் கிறிஸ்டியன்ஸ்ஹவன் பகுதியிலுள்ள மீட்பர் ஆலயத்தில் இறுதிவரை பணியாற்றினார். தாம் படித்த அதே பயிற்சிக் கூடத்தில் கிரீன்லாந்து மொழியைக் கற்பித்தார். 1791இல் அம்மொழிக்கு இலக்கண நூல் எழுதினார். 1794இல் புதிய ஏற்பாட்டை அம்மொழியில் பெயர்த்து வெளியிட்டார். 1804இல் கிரீன்லாந்து மொழி அகராதி வெளிவந்தது.

தமிழ் படிக்கும் நமக்குக் கிரீன்லாந்து மொழியைப் பற்றி ஒரு செய்தி இனிக்கும். அதுவும் நம் மொழியைப் போல ஒட்டுநிலை இயல்புடையது. வேர்ச்சொல்லின் பின்னால் ஒட்டுகள் ஒன்றன்பின் ஒன்றாகச் சேர்ந்துகொண்டே போகும். ஒரு முழு வாக்கியத்தின் பொருள் ஒரே சொல்லில் அடங்கிவிடும். அத்தகைய மொழியில் எது வேர், எது ஒட்டு என்று பிரித்துக் காட்டுவது எளிதன்று. புழுவின் உடற்கண்டங்களை எண்ணிப் பார்த்த அதே பொறுமைதான் சொற்களைப் பிரித்துப் பார்க்கவும் அவருக்கு உதவியிருக்கும் என்று எண்ணத் தோன்றுகிறது. கண்டதைப் பிரித்து, பெயரிட்டு, வரிசைப்படுத்துவது இரண்டுக்கும் பொது.

1818இல் பேராயர் என்ற மதிப்புப் பட்டம் அவருக்கு வழங்கப்பட்டது. 1822ஆம் ஆண்டு மே 20ஆம் நாள், தம் 78ஆம் வயதில் அவர் காலமானார். 1773க்குப் பின் அவர் கிரீன்லாந்தை மீண்டும் பார்க்கவில்லை. ஐந்தே ஆண்டுகள் பார்த்த நாட்டைப் பற்றி ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகள் எழுதிக்கொண்டிருந்தார்.

அடைப்புக்குறி சொல்லும் செய்தி

விலங்கியல் பெயர்களில் ஒரு வழக்கம் உண்டு. உயிருக்குப் பெயர் வைத்தவரின் பெயரையும் ஆண்டையும் அப்பெயரின் பின்னால் எழுதுவார்கள். அவர் வைத்த பேரினப் பெயர் பிற்காலத்தில் மாறியிருந்தால், அவரது பெயர் அடைப்புக்குறிக்குள் போய்விடும். லும்பிரிகஸ் என்ற பெயரை நீக்கிவிட்டு, சிறுதலை எனப் பொருள்படும் கேப்பிட்டெல்லா என்ற பேரினத்தை பிரெஞ்சு அறிஞர் பிளேன்வில் 1828இல் ஏற்படுத்தினார். எனவே 1780க்கு இருபுறமும் இரண்டு வளைவுகள் வந்து சேர்ந்தன.

இதைத் தெரிந்துகொள்ளும்வரை அடைப்புக்குறி என்றால் முக்கியமில்லாத செய்தி என்றே நினைத்திருந்தேன். உண்மையில் அது ஒரு சான்றிதழ். யாரோ ஒருவர் மறுபடியும் பார்த்திருக்கிறார் என்பதற்கான அடையாளம். இது மண்புழு அன்று, கடலின் முள்மயிர்ப் புழு என்று திருத்தப்பட்டதில் பப்ரீசியஸுக்கு இழுக்கு எதுவுமில்லை. அவர் பார்த்ததை ஒளிவுமறைவின்றி எழுதி வைத்ததால்தான் பின்னால் வந்தவர்களால் திருத்த முடிந்தது.

சிக்கல் வேறு இடத்தில் தொடங்கியது. சிறிய, சிவந்த, உறுப்புகள் குறைந்த இப்புழுவைப் போன்றவை உலகின் பல கடலோரங்களிலும் கிடைத்தன. எங்கே கிடைத்தாலும் கேப்பிட்டெல்லா கேப்பிட்டாட்டா என்றே எழுதினார்கள். கழிவு சேரும் சேற்றில் மற்ற உயிர்கள் மடியும்போது இப்புழு பெருகுவதைக் கண்டார்கள். அதனால் மாசுபட்ட கடலடியைக் காட்டிக்கொடுக்கும் உயிர் என்ற புகழும் அதற்குக் கிடைத்தது. கிரீன்லாந்தின் பெயர் உலகத்தின் பெயராகிவிட்டது.

ஒரு புழுவுக்கு மட்டும் நேர்ந்ததன்று இது. நம் வட்டாரக் கடல்களின் முள்மயிர்ப் புழுக்களைத் தொகுத்த பெரிய நூல், பிரான்சின் பியர் போவெல் எழுதி 1953இல் வெளிவந்தது. இந்தியா, பாகிஸ்தான், இலங்கை, பர்மா ஆகியவற்றோடு மலாயாவின் பெயரும் அந்நூலின் தலைப்பில் இருக்கிறது. மிகப் பெரிய உழைப்பு அது. ஆயினும் வெப்பக்கடல் புழுக்கள் பலவற்றுக்கு ஐரோப்பியக் கடல்களின் பெயர்களே அதில் இடப்பட்டிருக்கின்றன. ஓர் இனம் உலகெங்கும் பரவியிருக்கும் என்று நம்பிய காலம் அது. அதன்பின் வந்த மாணவர்கள் நூலைத் திறந்தார்கள். ஏறக்குறையப் பொருந்திய பெயரை எழுதினார்கள். நானும் அந்த வரிசையில் ஒருவன்தான்.

மீண்டும் கிரீன்லாந்துக்கு

1969இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் வெஸ்ட் பால்மத் என்ற இடத்தருகே எண்ணெய்ப் படகு தரைதட்டிக் கடலில் எண்ணெய் கொட்டியது. கடலடி உயிர்கள் மடிந்த இடத்தில் கேப்பிட்டெல்லா பெருகியது. அதை ஆராய்ந்த ஜூடித் கிராசில், பிரெடெரிக் கிராசில் இணையர் 1976இல் வியப்பான முடிவை வெளியிட்டார்கள். அவர்கள் ஆராய்ந்த புழுக்கள் ஓர் இனமல்ல, ஆறு இனங்கள்! கண்ணுக்கு ஒன்றுபோலவே தெரிந்தாலும் உடலிலுள்ள நொதிகள் வேறுபட்டன. முட்டையின் அளவு, குஞ்சுகள் கடலில் மிதந்து திரியும் காலம் ஆகியவையும் வேறுபட்டன.

அப்படியானால் உண்மையான கேப்பிட்டெல்லா கேப்பிட்டாட்டா எது? இக்கேள்விக்கு விடை சொல்ல ஒரே இடம்தான் உண்டு. பப்ரீசியஸ் பார்த்த கடல். ஓர் இனத்தின் பெயர் எந்த உடலைக் குறிக்கிறது என்பதற்கு ஆதாரமாக அருங்காட்சியகத்தில் பாதுகாக்கப்படும் உடலை மூலமாதிரி என்று சொல்லலாம். வீட்டு மனைக்குப் பட்டா எப்படியோ, பெயருக்கு மூலமாதிரி அப்படி. 1780ஆம் ஆண்டுப் புழுவுக்கு அப்படி எதுவும் எஞ்சியிருக்கவில்லை. ஆகவே அமெரிக்க ஆய்வாளர் ஜேம்ஸ் பிளேக், மேற்குக் கிரீன்லாந்திலிருந்து கிடைத்த புழுக்களை நுணுகி ஆராய்ந்து, அவற்றில் ஒன்றைப் புதிய மூலமாதிரியாக 2009இல் அறிவித்தார். பெயர் பிறந்து 229 ஆண்டுகளுக்குப் பின் அதற்குப் பட்டா கிடைத்தது. மாசசூசெட்ஸ் இனங்களில் ஆய்வுக்கூடங்களில் அதிகம் வளர்க்கப்பட்ட ஒன்றுக்கு அதே ஆண்டில் கேப்பிட்டெல்லா டெலெட்டா என்று தனிப்பெயர் சூட்டப்பட்டது.

பப்ரீசியஸோடு தொடர்புடைய மற்றப் புழுக்களையும் ஆய்வாளர்கள் அடுத்தடுத்துத் திரும்பிப் பார்த்து வருகிறார்கள். முல்லரின் பெயரில் நிற்கும் ஸ்பியோ பிலிகோர்னிஸ் என்ற புழுவுக்கு 2011இல் புதிய மூலமாதிரி குறிக்கப்பட்டது. அதே ஆய்வில் வடகிழக்கு அட்லாண்டிக் கடலின் இரண்டு புதிய இனங்கள் அதிலிருந்து பிரித்தறியப்பட்டன. பப்ரீசியஸ் 1780இல் பெயரிட்ட தெலெபஸ் சின்சின்னாட்டஸ் 2018இல் மறுபடியும் விவரிக்கப்பட்டது. கூடவே ஐரோப்பாவின் மூன்று புதிய இனங்கள் வெளிப்பட்டன. ஒவ்வொரு முறையும் நடப்பது ஒன்றுதான். எல்லாவற்றையும் போர்த்தியிருந்த ஒரு பெயரை அதன் சொந்த இடத்துக்கு அனுப்பி வைத்தால், அதன் அடியில் பெயரில்லாமல் கிடந்தவை கண்ணுக்குத் தெரிகின்றன.

பட்டியலில் விடுபட்டவை

ஒரு புழுவின் பெயருக்காக இவ்வளவு பாடா என்று நண்பர்கள் கேட்டார்கள். நியாயமான கேள்விதான்.

கிள்ளான் ஆறு கோலாலம்பூரின் நடுவே ஓடி, வழியிலுள்ள ஊர்களின் கழிவையும் சேர்த்துக்கொண்டு கடலுக்கு வருகிறது. அதன் வாயிலில் துறைமுகம். சுற்றிலும் எஞ்சியிருக்கும் சதுப்புநிலக் காடுகள். அங்கே சேறு எவ்வளவு கெட்டிருக்கிறது என்பதைச் சொல்லச் சேற்றில் வாழும் உயிர்களையும் எண்ணுகிறோம். ஒரு பெயருக்குள் பல இனங்கள் ஒளிந்திருந்தால், அவை ஒவ்வொன்றும் வெவ்வேறு அளவு மாசைத் தாங்குபவையாக இருந்தால், வேற்றுநாட்டுக் கணக்கோடு நம் கணக்கை ஒப்பிடுவது பிழையாகும். அதைவிடப் பெரிய இழப்பு ஒன்று உண்டு. இங்கு மட்டுமே வாழும் ஓர் இனம், அயலூர்ப் பெயரில் பட்டியலில் ஏறிவிட்டால், அது இருப்பதே யாருக்கும் தெரியாது. கரையை நிரப்பும்போது அது அழிந்தாலும், அந்தப் பெயருடைய புழு உலகெங்கும் இருக்கிறதே என்று நாம் நிம்மதியாக இருந்துவிடுவோம்.

இதில் பப்ரீசியஸின் குற்றம் எதுவும் இல்லை. மேற்குக் கிரீன்லாந்து என்று தலைப்பிலேயே எல்லை வகுத்தவர் அவர். எல்லையை அழித்தவர்கள் அவருக்குப் பின்னால் வந்தவர்கள். அவருடைய பெயரை எடுத்துக்கொண்டார்கள். அவருடைய பழக்கத்தை எடுத்துக்கொள்ளவில்லை. நின்ற இடத்தில் குனிந்து பார்ப்பதும், கண்டதை மட்டும் எழுதுவதும், அம்மண்ணின் மக்கள் அதை எப்படி அழைக்கிறார்கள் என்று கேட்டு எழுதுவதும் அவருடைய பழக்கம். சென்னையில் இருந்த பப்ரீசியஸும் தமிழர் வாயில் வழங்கிய சொல்லைக் கேட்டுத்தான் அகராதியில் ஏற்றினார். அதனால்தான் இருவருடைய நூல்களையும் இன்றும் திறந்து பார்க்கிறோம்.

செய்முறை அறிக்கையைத் திருத்தி மறுபடியும் கொடுத்தேன். கிரீன்லாந்துப் புழுவின் பெயரை அடித்துவிட்டேன். கேப்பிட்டெல்லா, இனம் உறுதி செய்யப்படவில்லை என்று எழுதினேன். எடுத்த இடம், நாள், சேற்றின் ஆழம் ஆகியவற்றை முன்பைவிட விரிவாகக் குறித்தேன். பட்டியலில் மேலும் ஒரு கட்டம் சேர்த்து, வட்டார வழக்குப் பெயர் என்று தலைப்பிட்டேன். அதே சல்லடையில் கிடைத்த பெரிய முள்மயிர்ப் புழுக்களுக்கு நேராகப் பும்புன் என்று எழுதினேன். சிவப்புப் புழுவுக்கு நேராக அந்தக் கட்டம் காலியாகவே இருந்தது.

அடுத்த விடுமுறைக்குக் கிள்ளானுக்குப் போனபோது, அந்தச் சிவப்புப் புழுவின் படத்தைப் பெரியப்பாவிடம் காட்டி, இதற்கு என்ன பெயர் என்று கேட்டேன். தூண்டில் முள்ளில் கோக்க முடியாத புழுவுக்கு யார் பெயர் வைப்பார்கள் என்று சிரித்தார். பிறகு, தம்மோடு தூண்டில் போட வரும் மலாய்க்கார நண்பருக்குத் தெரிந்திருக்கலாம் என்றும், வரும் ஞாயிற்றுக்கிழமை அவரிடம் கேட்டுச் சொல்வதாகவும் சொன்னார்.

கட்டத்தைக் காலியாகவே விட்டு வைத்திருக்கிறேன்.